இணைவது சரி, சாவி யாரிடம்?

மூளைக்குள் சிப் வைத்த செய்தி ஒன்று வந்துவிட்டால் போதும், "மனிதனும் இயந்திரமும் ஒன்றாவதைத்தானே பின்நவீனத்துவம் அன்றைக்கே சொன்னது" என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹாராவேயை இழுத்து வந்துவிடுகிறார்கள். பின்நவீனத்துவம் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே உண்மை, மாறாத 'நான்' என்பவற்றையெல்லாம் சந்தேகித்த சிந்தனைப் போக்கு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சிப் கனவு வேறு, பின்நவீனத்துவம் வேறு. சொல்லப்போனால் எதிரெதிர்.

ஹாராவே பேசிய சைபோர்க் (பாதி உடல், பாதி இயந்திரம்) என்ற சொல்லைத் தத்துவவாதிகள் உருவாக்கவில்லை. 1960-ல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர் விண்வெளிப் பயணத்தை மனதில் வைத்து உருவாக்கியது. போகிற இடத்துக்கெல்லாம் பூமியைச் சுமந்து போவானேன், உடலையே மாற்றிவிடலாமே என்பது அவர்கள் யோசனை. பனிப்போர்க் காலத்துச் சரக்கு. ஹாராவே 1985-ல் அதைத் தலைகீழாகப் புரட்டினார். மனிதன், விலங்கு, இயந்திரம் என்று நாம் போட்டு வைத்த கோடுகளெல்லாம் ஏற்கெனவே கசிந்துகொண்டுதான் இருக்கின்றன என்றார். கூடவே, இந்த சைபோர்க் ராணுவத்துக்கும் ஆணாதிக்க முதலாளியத்துக்கும் முறைதவறிப் பிறந்த பிள்ளை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். அந்த வரியை மட்டும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மனதைக் கணினியில் ஏற்றிவிட்டால் சாவே இல்லை என்கிறார்களே, அதில் பின்நவீனம் எங்கே இருக்கிறது? உடலைக் கழற்றிப் போட்டாலும் 'நான்' அப்படியே மிஞ்சும் என்பது பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி தெகார்த்தின் பேச்சு. பின்நவீனத்துவர்கள் சந்தேகப்பட்டதே அந்த 'நான்' மீதுதான். பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-ல், எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் சொல்லும் பெருங்கதையாடல்களை இனி யாரும் நம்பத் தயாரில்லை என்றார். தொழில்நுட்பம் மரணத்தை வெல்லும் என்பதைவிடப் பெரிய கதையாடல் வேறு என்ன இருக்கிறது?

சரி, தத்துவம் கிடக்கட்டும். நிஜமாகவே இயந்திரத்தோடு இணைந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஆர்கஸ் 2 என்று ஒரு செயற்கை விழித்திரை. மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு சின்னக் கணினி, விழித்திரை மேல் 60 மின்முனைகள். முழுப் பார்வை வராது. வெளிச்சப் புள்ளிகள் தெரியும். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று பழகப் பழகப் பிடிபடும். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். பிறகு அதைத் தயாரித்த நிறுவனம் பணத்தட்டுப்பாட்டில் சிக்கி, 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகு கருவி பழுதானால் உதிரிபாகம் கிடைக்கவில்லை, மென்பொருளைப் பார்க்க ஆள் இல்லை. செல்போன் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். இது கண்ணுக்குள் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை; வைத்திருந்தால் எம்ஆர்ஐ எடுப்பதில்கூடச் சிக்கல்.

மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று நாம் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த 350 பேருக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. கருவி அவர்கள் உடம்பாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த உடம்பின் ஒரு பகுதி இன்னொருவருடைய வரவுசெலவுக் கணக்கில் இருந்தது என்பதுதான் பிரச்சினை.

இதனால் நான் இயந்திரத்துக்கு எதிரி என்று முத்திரை குத்த வேண்டாம். 1958-ல் ஸ்வீடனில் உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன் அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்டவை வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாற்றித் தர யாரோ இருந்தார்கள். ஆர்கஸ் வைத்துக்கொண்டவர்களுக்கு அதுதான் இல்லாமல் போனது.

'மனிதன் என்பதே சமீபத்திய கண்டுபிடிப்பு, ஃபூக்கோ சொல்லியிருக்கிறாரே' என்று எழுத இந்நேரம் யாராவது விரலைத் தூக்கியிருப்பீர்கள். அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதி சொன்னார்தான், 1966-ல். அதே ஆள்தான் 1963-ல் மருத்துவமனையையும் 1975-ல் சிறையையும் பற்றி எழுதினார். உடலை யார் பார்க்கிறார்கள், யார் குறித்துவைக்கிறார்கள், அந்தக் குறிப்பு யார் கையில் அதிகாரமாகிறது என்பதுதான் அங்கே பேச்சே. மணலில் வரைந்த முகம் அலையில் அழிவதுபோல 'மனிதன்' அழிந்துபோகலாம் என்று அவர் 1966-ல் எழுதியதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த இரண்டு புத்தகங்களையும் படித்துவிட்டு வாருங்கள்.