12 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லதா?

கடுங்குளிரில் வண்டி கிளம்பாதபோது, பேட்டரி முனைகளில் வைத்த வோல்ட் மீட்டரில் 12 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது, பழுது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரில்தான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். அது சரியல்ல என்பதைப் பணிவோடு சொல்கிறேன். வழக்கமான ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில், ஓய்வில், சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.0 என்றால் ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நல்ல பேட்டரியே தன் வலுவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடுவதால் ஸ்டார்ட்டருக்கு வேலை இன்னும் கூடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், பானெட்டைத் திறக்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும், அப்போது உள்விளக்குகள் எரியும் என்பதால், எல்லா விளக்குகளும் அணைந்து சில நிமிடங்கள் கழித்து வோல்ட்டேஜை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் முக்கியமான அளவு: இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, அந்தச் சில விநாடிகள் மீட்டரையே பாருங்கள். 8 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி அளக்க வேண்டும். 10-க்கு மேல் நின்றும் மோட்டார் சுற்றாவிட்டால் அப்போது ஸ்டார்ட்டரையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம். இதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து.