புது விண்டோஸ் வேண்டாம் என்று இங்கே யாரும் அடம்பிடிக்கவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து ஒரே பேச்சு: "இன்னுமா பழசையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? சின்ன ஊர்க்காரர்களுக்கு மாற மனசு வராது." மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடற்கரை நெடுகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். இது அநியாயமான பேச்சு. கடைக்காரர்களுக்கு விண்டோஸ் 11-க்கு மாற ஆசைதான். மாறினால் பிரிண்டர் ஓடாது, ஸ்கேனர் ஓடாது, கைரேகை மிஷின் ஓடாது.

பிரிண்டருக்கும் விண்டோஸுக்கும் நடுவில் பேச டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதை எழுதித் தர வேண்டியது பிரிண்டர் கம்பெனி. விண்டோஸ் 10, 32-பிட் என்ற பழைய வகையிலும் வந்தது. 2 ஜிபி ராம் உள்ள பழைய மிஷின்களுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தோம். விண்டோஸ் 11-இல் புதிய வகையான 64-பிட் மட்டும்தான். 32-பிட் டிரைவர் அதில் ஏறாது. கம்பெனி 64-பிட்டுக்கு எழுதாமல் விட்டிருந்தால் கதை முடிந்தது. எழுதியிருந்தாலும் நிம்மதி இல்லை. புதிதாக விண்டோஸ் 11 போட்டால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒத்துவராத பழைய டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிடும். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கருவி ஓடவில்லை என்று மஞ்சள் முக்கோணம். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டலாம். அப்புறம் பாதுகாப்புக்காக மாறியதன் பலன் என்ன?

பாம்பனில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் எடுக்க, ஆதாருக்குக் கைரேகை வைக்க அந்தச் சின்னக் கடையில் கூட்டம் நிற்கும். கயிறும் வலையும் இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல்கள். நன்றாக ஓடும் கைரேகை மிஷினிலேயே துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். புது விண்டோஸில் அந்த மிஷினுக்கு விளக்கு எரிந்தது, ரேகை மட்டும் ஏறவில்லை. "அண்ணே, பதினொண்ணு போடுங்க, பன்னிரண்டு போடுங்க, எனக்கு நாளைக்குக் காலையில வேலை ஓடணும்" என்றார் கடைக்காரத் தம்பி. பழையதையே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரைப் போய்ப் பழமைவாதி என்பீர்களா?

2007-இல் விஸ்டா என்ற விண்டோஸ் வந்தபோதும் இதே கதை. டிரைவர்கள் தயாராகாததால் பலரும் அதற்கு முந்தைய எக்ஸ்பியை விடவில்லை. 2009-இல் விண்டோஸ் 7 வந்ததும் எல்லாரும் பாராட்டினார்கள். விஸ்டாவுக்காக எழுதிய டிரைவர்கள் அதற்குள் பெருகியிருந்தன, அவற்றில் பெரும்பாலானவை 7-இலும் ஓடின. டிரைவர் கிடைத்தால் ஜனங்கள் தாமாகவே மாறுவார்கள்.

விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்குப் போகலாமே என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரிண்டர்களுக்குத் தன்னார்வலர்களே லினக்ஸ் டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஆதார் கைரேகை மிஷினுக்கு வெளியாள் எழுதிவிட முடியாது. ரேகையைக் கம்பெனியின் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் டிஜிட்டல் கையொப்பமிட்டு அனுப்பினால்தான் ஆதார் தரப்பு ஏற்கும். அதாவது கம்பெனி கைகழுவினால் நல்ல மிஷினும் வெறும் பிளாஸ்டிக்.

அதனால் கேட்கிறேன். விற்பனையை நிறுத்தினாலும் இத்தனை வருடம் டிரைவர் தருவோம் என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும். தர முடியாத பிரிண்டர், ஸ்கேனர் கம்பெனிகள் டிரைவரின் மூலநிரலை, மற்றவர்கள் திருத்தி எழுதிக்கொள்ளும்படி, வெளியிட வேண்டும். அரசு வாங்கும் கருவிகளுக்கு டெண்டரிலேயே இதை எழுத வேண்டும். இ-சேவை எடுத்து நடத்துகிறவர் தன் கைக்காசில் எத்தனை முறைதான் மிஷின் மாற்றுவார்? ஏற்கெனவே உப்புக்காற்று யுஎஸ்பி போர்ட்டைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்கு: பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் உண்டு, கடை மிஷினுக்கு இதற்குத் தனிக் கட்டணம். புது பிரிண்டர் வாங்குபவர்கள் மோப்ரியா என்ற பொதுப் பிரிண்ட் முறைக்கான சான்று உள்ளதா என்று பாருங்கள். அதற்குக் கம்பெனி டிரைவரே வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும். பழைய பிரிண்டரை விட முடியாதவர்கள் பழைய மிஷினை நெட் இல்லாமல் பிரிண்ட்டுக்கு மட்டும் வையுங்கள். பென்டிரைவில் எடுத்துப் போட்டு அடிக்க வேண்டியிருக்கும், கூட்ட நேரத்தில் சிரமம்தான்.