கானா பாடும்போதே மூளையை அளப்பது பற்றி

வியாசர்பாடியில் நின்ற இடத்தில் வரி கட்டிப் பாடும் கானா பாடகர் தலையில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி தொப்பி மாட்டினால், படைப்பாற்றலை அந்த நொடியே அளந்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை.

வாய் திறந்ததும் தாடை, நெற்றிப்பொட்டுத் தசைகளின் மின்சாரம், முக்கியமாக 20 ஹெர்ட்ஸுக்கு மேல், மூளை அலையை மூழ்கடித்துவிடும். பாடும்போது காமா எனும் வேகமான மூளை அலை எகிறினால் முதலில் தசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வரி மனதில் உருவாகும், பாடுவதற்கு முந்தைய 2, 3 விநாடிகளை வெட்டி எடுத்து, 8–12 ஹெர்ட்ஸில் வரும் ஆல்பா எனும் மூளை அலையைப் பாருங்கள். ஒப்பிட, அவருக்கு மனப்பாடமான பாட்டு ஒன்று அதே தாளத்தில், அதே வேகத்தில் கட்டாயம் வேண்டும். அதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது.

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில், தொப்பியின் மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை இறங்காது. ஷாம்பு போட்டுக் காயவைத்து, 10 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். வியர்த்தால் பதிவாகும் அலையின் அடிமட்டம் மெதுவாகச் சரியும். ஏசி அறை நல்லது. டோலக்குக்குத் தலையாட்டினால் ஒயரும் ஆடி, தாளத்திலேயே போலி அலை வரும். ஒயரைத் தோளில் டேப் போட்டு ஒட்டுங்கள்.

2008இல் லிம்ப், பிரான் இருவரும் 6 ஜாஸ் பியானோக் கலைஞர்கள் நின்ற இடத்தில் இசை கட்டி வாசிப்பதை, மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் ஆராய்ந்தது அருமையான வேலை. ஆனால் அதில் ரத்த ஓட்ட மாற்றம் உச்சம் தொடவே 5 விநாடி போல ஆகும். எதுகை விழுந்த கணம் அதில் பிடிபடாது.

வரி புதுசா, நல்லாயிருக்கா என்பதை அலை சொல்லாது. ஒலிப்பதிவைக் கானா கேட்டு வளர்ந்த 4, 5 பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல்.