அழுக்கர்கள் என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் எவனும் குளிக்கமாட்டான், மாடி ஜன்னலைத் திறந்து மலச்சட்டியைத் தெருவில் கவிழ்ப்பான், அதனால்தான் பிளேக் வந்து பாதிப்பேர் செத்தார்கள் என்று ஒரு குரல் பேசிக்கொண்டே போகும். கடைசியில் நம் முன்னோர் வாசலில் சாணம் தெளித்த பெருமை. கீழே வரிசையாகக் கைதட்டல்.

நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டுக் கழிவுநீர், இறைச்சிக்கடைக் குடல் என்றே என் பணிக்காலம் போனது. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஊர் நாறுகிறது என்றால் ஊர்க்காரனுக்கு மூக்கு இல்லை என்று அர்த்தமில்லை. முதல் மனு எழுதுகிறவனே அவன்தான்.

லண்டனை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துத் தொல்லைகளை விசாரிப்பதற்கென்றே அங்கே மேயரும் ஆல்டர்மேன்கள் என்ற மூத்த நகரமன்ற உறுப்பினர்களும் உட்காரும் மன்றம் ஒன்று இருந்தது. 1301 முதலான அதன் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. புகார் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பார்கள். தப்பு என்று தெரிந்தால் பெரும்பாலும் நாற்பது நாளுக்குள் சரிசெய் என்று உத்தரவு. கழிவறைக் குழியைக் கல் வைத்துக் கட்டியிருந்தால் பக்கத்து மனை எல்லையிலிருந்து இரண்டரை அடி, கல் கட்டாத குழி என்றால் மூன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. நான் டேப் பிடித்து அளந்து சண்டை தீர்த்த செப்டிக் டேங்குகள் நினைவுக்கு வருகின்றன.

அந்த ஏட்டில் 1314-இல் ஒரு வழக்கு. ஆலிஸ் வேட் என்ற பெண்மணி மாடியறையில் இருந்த தன் கழிவறையிலிருந்து மரக்குழாய் ஒன்றைப் பொருத்தி, தெருவார் பொதுவாகப் பயன்படுத்திய வடிகாலில் விட்டிருக்கிறார். வடிகால் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அது யார் யார் வீட்டுக்குக் கீழே ஓடியதோ அவர்கள் எல்லாரும் நாற்றம் தாங்காமல் மன்றத்துக்கு வந்துவிட்டார்கள். குழாயை எடுக்கச் சொல்லி உத்தரவானது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய இந்த மனுவில் பெயரையும் தேதியையும் மாற்றினால் என் மேஜைக்கு வந்த மனுதான். மழைநீர் வடிகாலில் கழிவறை இணைப்பு!

அதற்கும் முன்னால், 1290-இல், ஃப்ளீட் ஆற்றங்கரையில் மடம் வைத்திருந்த கார்மலைட் துறவிகள் ராஜாவிடம் முறையிட்டார்கள். பூசையில் எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் ஆற்று நாற்றம் அதை அமுக்கிவிடுகிறது என்று. இறைச்சி வெட்டுகிறவர்கள் குடலையும் ரத்தத்தையும் எங்கே கொட்டுவது என்ற தகராறு நூறு வருடம் நீண்டது. 1361-இல் ராஜா மூன்றாம் எட்வர்ட், நகருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டிலோ நைட்ஸ்பிரிட்ஜிலோ போய் வெட்டுங்கள் என்றார். 1388-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது: ஆற்றிலும் அகழியிலும் சாணமோ குடலோ கொட்டினால் இருபது பவுண்டு அபராதம். அன்றைக்கு அது ஒரு ஆளை மூழ்கடிக்கிற தொகை.

தண்ணீருக்கும் ஏற்பாடு இருந்தது. டைபர்ன் பக்கத்து ஊற்றிலிருந்து ஈயக் குழாய் வழியாகச் சீப்சைடு கடைவீதி வரை தண்ணீர் கொண்டுவரும் வேலையை 13ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டார்கள். பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஏழை எங்கே போவான் என்று 1345-இல் அவர்களுக்குத் தடை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டனின் பணத்தில் தேம்ஸ் கரையில் ஒரு பொதுக்கழிப்பிடம் வந்தது. ஆண்களுக்கு 64 இருக்கை, பெண்களுக்கு 64 இருக்கை. ஆற்றின் ஏற்றவற்றம் வந்து அடித்துக்கொண்டு போகும். பெண்களுக்குச் சரிபாதி! இன்றைக்கு நம் பேருந்து நிலையங்களில் போய் எண்ணிப் பாருங்கள்.

குளியல்? பாரிஸில் 1268 வாக்கில் தொகுக்கப்பட்ட தொழில் விதிகளில் வெந்நீர்க் குளியல் கடைக்காரர்களுக்கும் இடம் உண்டு. குளியல் தயார் என்று தெருவில் கூவி அழைப்பார்கள். விடிவதற்கு முன் கூவாதே, இருட்டில் கிளம்பி வருகிறவர்களுக்கு ஆபத்து என்று விதி சொல்கிறது.

இப்படிச் சொல்வதால் அந்த ஊர்கள் பளிங்காக இருந்தன என்று எதிர்ப்பக்கம் ஓடவேண்டாம். அபராதம் இருந்தது என்றால் குற்றமும் இருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி போதாது. வயிற்றுப்போக்கிலும் குடற்புழுவிலும் குழந்தைகள் கொத்துக்கொத்தாகப் போனார்கள். குழி நிறைந்தால் யாராவது இறங்கித்தான் ஆகவேண்டும். ராத்திரியில் மட்டும் வேலை பார்க்க அனுமதிக்கப்பட்ட மலக்குழி அள்ளும் ஆட்கள் இருந்தார்கள். சாதாரணக் கூலியாளைவிட நல்ல கூலி வாங்கினார்கள். தெருக்குப்பை வாரும் தொழில் பார்த்த ரிச்சர்ட் என்பவர் 1326-இல் தன் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்திருந்தபோது பலகை உளுத்துப்போய் உடைந்து, குழிக்குள் விழுந்து மூழ்கிச் செத்தார். இதை இணையத்தில் வேடிக்கைக் கதையாகப் பகிர்கிறார்கள். குழியில் இறங்கியவர்களைத் தூக்கி வெளியே போட்ட இடங்களில் நின்றவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பிளேக்குக்கு வருவோம்.

1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பல்களோடு வந்தது. நான்கைந்து வருடத்தில் ஐரோப்பாவின் மூன்றில் ஒரு பங்கு, சிலர் கணக்கில் பாதிக்கும் மேல், போய்விட்டது. அழுக்குதான் காரணம் என்றால் நெருக்கமும் சாக்கடையும் இல்லாத மலைக்கிராமங்கள் ஏன் காலியாயின? இங்கிலாந்து ராஜாவின் மகள் ஜோன் 1348-இல் இன்றைய பிரான்சின் போர்டோவில் ஏன் செத்தாள்? இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் நாட்டின் ராஜா பதினோராம் அல்ஃபோன்சோ 1350-இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் ஏன் செத்தார்? கேன்டர்பரி பேராயர் பிராட்வர்டின் பட்டம் ஏற்று ஊர் திரும்பி, சில நாட்களுக்குள் ஏன் செத்தார்? இவர்கள் யாரும் தெருவில் மலச்சட்டி கவிழ்க்கிற ஆட்கள் அல்ல.

நோய் ஒரு நுண்ணுயிரி. எர்சினியா பெஸ்டிஸ். லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் 1348-49இல் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து அதன் மரபணுவை எடுத்து 2011-இல் முழுதாகப் படித்துவிட்டார்கள். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வரும். இடைக்காலத்தில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு எலித்தெள்ளு மட்டும் போதுமா, மனிதத் தெள்ளும் சீலைப்பேனும் சேர்ந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். குப்பை இருந்தால் எலிக்குக் கொண்டாட்டம், மறுக்கவில்லை. ஆனால் எலி குப்பைக்கு மட்டும் வருவதில்லை. தானியக் கிடங்குக்கு வரும், கப்பலுக்கு வரும், ராஜா வீட்டுக் களஞ்சியத்துக்கும் வரும். தெருவைக் கூட்டுவதால் மட்டும் நிற்கிற நோய் இல்லை இது.

அன்றைய படித்தவர்களுக்கு இது தெரியாது. 1345-இல் சனியும் வியாழனும் செவ்வாயும் கும்ப ராசியில் கூடியதால் காற்று கெட்டது என்று பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் 1348-இல் எழுதிக்கொடுத்தார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். எனக்குச் சுவாரசியமானது வேறு. காரணம் தப்பாகத் தெரிந்திருந்தும், கண்ணால் பார்த்ததை வைத்து ஊராட்சிகள் எடுத்த நடவடிக்கைகளில் பாதி சரியாக இருந்தன.

இத்தாலியின் பிஸ்டோயா சின்ன ஊர். 1348 மே மாதம் நகர சபை விதிகள் போட்டது. பீசாவுக்கும் லூக்காவுக்கும் யாரும் போகக்கூடாது, அங்கிருந்து யாரும் வரக்கூடாது. பிணத்தை ஆணி அடித்த மரப்பெட்டியில் வைத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். சாவுமணி அடிக்கக்கூடாது, நோயாளி கேட்டால் மனம் விட்டுவிடுவான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது: வெளியிலிருந்து பழைய துணி எதையும் ஊருக்குள் கொண்டுவரக்கூடாது. தெள்ளுப்பூச்சி பற்றி அவர்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் துணிமூட்டை வந்த இடத்தில் சாவு வந்ததை எவனோ கவனித்திருக்கிறான். பயணத் தடையை மட்டும் மூன்று வாரத்தில் தளர்த்திவிட்டார்கள். வியாபாரிகள் எவ்வளவு நெருக்கியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடை மூடச்சொல்லிப் போனபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் போதும்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது ரகூசா, இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக். கப்பல் வியாபாரத்தில் வாழ்கிற ஊர். கதவை மூடினால் பட்டினி, திறந்தால் நோய். 1377-இல் ஒரு நடுவழி கண்டார்கள். நோய் உள்ள இடத்திலிருந்து வருகிறவர்கள் மிர்க்கன் என்ற பாறைத்தீவிலோ சாவ்தாத்திலோ முப்பது நாள் இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம். அனுமதி இல்லாமல் அவர்களைப் போய்ப் பார்த்த உள்ளூர்க்காரனும் அங்கேயே முப்பது நாள். பிற்பாடு பல துறைமுகங்களில் அது நாற்பது ஆனது. வெனிஸ் 1423-இல் காயல் தீவு ஒன்றில் நோயாளிகளுக்கென நிரந்தர மருத்துவமனையே கட்டிவிட்டது.

எல்லாம் கருணையோடு நடந்தது என்று நினைக்கவேண்டாம். மிலானின் பெர்னாபோ விஸ்கோன்டி 1374-இல் போட்ட உத்தரவு: நோய் கண்டவனை ஊருக்கு வெளியே வயலில் கொண்டுபோய் விடு, பிழைத்தால் பிழைக்கட்டும், செத்தால் சாகட்டும். பார்த்துக்கொண்டவன் பத்து நாள் யாரோடும் கலக்கக்கூடாது. அந்தப் பத்து நாளில் அறிவு இருக்கிறது, அந்த வயலில் இரக்கம் இல்லை.

‘அழுக்கர்கள்’ வீடியோ மேல் எனக்கு உண்மையான கோபம் எங்கே என்று சொல்கிறேன். நோய்க்கு ஒரு கூட்டத்தின் ஒழுக்கத்தைக் காரணமாக்கிவிட்டால் அடுத்து அந்தக் கூட்டத்தின் மேல் கை வைப்பது சுலபம். 1348-இல் யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று புரளி கிளம்பியது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். யூதர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் யூதர்களைக் காக்க நினைத்த நகரத் தலைவர்களை முதலில் கவிழ்த்தார்கள். 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அவர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் ரத்தாயின. அவர்களைக் கொன்றது அவர்களுடைய பணம்தான் என்று அந்த ஊரின் பழைய வரலாற்று ஏடே எழுதி வைத்திருக்கிறது. இன்னொன்று: அந்தக் கொலை நடந்தபோது பிளேக் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு இன்னும் வந்துசேரவே இல்லை.

ஐந்நூறு வருடம் கழித்தும் பழக்கம் போகவில்லை. 1896-இல் அதே கிருமி பம்பாய்க்கு வந்தபோது ஆங்கில அதிகாரிகள் கையில் இருந்தது அதே அழுக்குக் கோட்பாடு. கூலிக்காரர்களின் குடியிருப்பில் ஓட்டைப் பிரித்து வெயில் விட்டார்கள், கார்பாலிக் கரைசல் ஊற்றினார்கள், வாழத் தகுதியற்றது என்று சுவரில் எழுதி இடித்தார்கள். தெள்ளுப்பூச்சிதான் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் செய்து காட்டினார். அப்போது விசாரித்த பிளேக் கமிஷன் அதை ஏற்கவில்லை. அந்தப் பதற்றத்தில் போட்ட 1897ஆம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டம்தான் 2020 கொரோனாவிலும் எடுத்தாளப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்ததும் இந்தப் பிளேக் பயத்தின் தொடர்ச்சிதான். பம்பாயில் இடிபட்ட வீட்டுக்காரனும் மண்டபத்தில் காத்துக் கிடந்தவனும் அழுக்கர் பட்டியலில்தான் இருந்தார்கள்.

இங்கிலாந்துக்கே திரும்பிப்போய் முடிக்கிறேன். பாதிப்பேர் செத்ததும் மிஞ்சிய கூலியாளுக்கு விலை ஏறியது. இரட்டிப்பாகக் கொடுத்தால்தான் ஏர் பிடிப்பேன் என்றான். அரசு பதறிவிட்டது. பிளேக் இன்னும் ஓயாத 1349 ஜூனிலேயே, கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிதான், அறுபது வயதுக்குட்பட்ட உடல்வலு உள்ளவன் எவனும் கூப்பிட்டால் வேலைக்கு வரவேண்டும் என்று ஆணை. 1351-இல் அதைச் சட்டமாக்கினார்கள். மீறுகிறவனின் காலை மாட்டி உட்கார வைக்க ஊருக்கு ஊர் தொழுமரம் செய்து வைக்கச் சொன்னார்கள், அதுவும் பெந்தகொஸ்தே திருநாளுக்குள். அந்த வேகத்தில் ஒரு கிணற்றுக்குச் சுவர் எழுப்பச் சொன்னதாக நான் படித்ததில்லை. சட்டம் போட்ட நிலக்கிழார்களே அறுவடை நேரத்தில் பின்வாசல் வழியாகக் கூடுதல் காசும் சாப்பாடும் கொடுத்து ஆள் பிடித்தார்கள், அது வேறு விஷயம்.