ஒன்பது அரண்மனை எதற்கு?

போன வாரம் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மகன் கேட்டான். “பெரியப்பா, ஒரு நாட்டுக்கு எதுக்கு ஒன்பது அரண்மனை? இந்தக் காலத்துலயும் ராஜாவா?” சட்டம் படிக்கிற பையன். நான் வாய் திறப்பதற்குள் அவன் அம்மா, “சாப்பிடற நேரத்துல அரசியல் வேணாம்” என்று ரசத்தை ஊற்றிப் பேச்சை முடித்துவிட்டார். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்பதில் எனக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? இருந்தும் மலேசியாவில் ஒன்பது மாநிலங்களின் அரசர்களும், அவர்களிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருவராக வரும் மாமன்னரும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நாட்டின் உச்சியில் ஒரு நாற்காலி போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் அரசியல்வாதி உட்காராமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாட்டை நம் நாட்டில் நான் காணவில்லை.

2022 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 19ஆம் தேதி பொதுத்தேர்தல். மக்களவையின் 222 இடங்களில் ஆட்சியமைக்க 112 வேண்டும். அன்வாரின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 82, முகிதீனின் பெரிக்காத்தான் கூட்டணிக்கு 73, இத்தனை ஆண்டுகள் நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக்கு 30. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நம் நாடாளுமன்றத்துக்கு அது முதல் அனுபவம். அன்வாரும் சொன்னார், முகிதீனும் சொன்னார்: “எண்ணிக்கை என்னிடம்தான் இருக்கிறது.” டிக்டாக்கைத் திறந்தால் 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் வீடியோக்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பாட்டி அரிசி மூட்டை வாங்கி வைத்தார். அந்தத் தலைமுறைக்குத்தான் தெரியும், அந்தத் தேதி என்றால் என்னவென்று.

அப்போது மாமன்னராக இருந்தவர் பகாங் சுல்தான் அப்துல்லா. இரண்டு தலைவர்களையும் அழைத்துச் சேர்ந்து ஆளச் சொன்னார். முகிதீன் மறுத்துவிட்டார். 24ஆம் தேதி மாமன்னர் மற்ற ஆட்சியாளர்களைக் கூட்டிப் பேசினார். அன்று மாலையே அன்வார் பதவியேற்றார். அந்த முடிவு பிடிக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் தெருவில் ஒரு கல்கூட விழவில்லை.

அதே முடிவை ஒரு கட்சி நிறுத்தி ஜெயிக்கவைத்த அதிபர் சொல்லியிருந்தால்? பாதி நாடு முதலில் “இவர் யாருடைய ஆள்?” என்றுதான் கேட்டிருக்கும். சுல்தான் அப்துல்லாவுக்கு அடுத்த தேர்தலில் டிக்கெட் வேண்டியதில்லை. முடிவு சரியா தவறா என்று நாம் வாதாடலாம். விலைபோன முடிவு என்று சொல்ல வழியில்லை.

இன்னொன்றையும் பார்ப்போம். 2020 அக்டோபர், கோவிட் காலம். நூலிழைப் பெரும்பான்மையில் தொங்கிக்கொண்டிருந்த அன்றைய பிரதமர் முகிதீனின் அரசு அவசரநிலை கேட்டு அரண்மனைக்குப் போனது. மாமன்னர் ஆட்சியாளர்களைக் கலந்துகொண்டு, அவசியமில்லை என்று அனுப்பிவிட்டார். இதை 1975 ஜூன் 25 இரவு டில்லியில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். இந்திரா காந்தி அனுப்பிய தாளில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அன்றிரவே கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் போனது. பக்ருதீன் அலி அகமது கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அந்த நாற்காலிக்கு அவரைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் விஷயம்.

2021 ஜனவரியில் அதே மாமன்னர் அவசரநிலைக்கு ஒப்புக்கொண்டதை மறைக்க மாட்டேன். நாடாளுமன்றம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஜூலையில், அவசரகாலச் சட்டங்களை ரத்து செய்தாயிற்று என்று சட்ட அமைச்சர் மக்களவையில் அறிவித்தபோது, அதற்குத் தம் ஒப்புதல் பெறப்படவில்லை என்று அரண்மனை வெளிப்படையாக அறிக்கை விட்டது. மூன்று வாரத்துக்குள் முகிதீன் பதவி விலகினார்.

இதெல்லாம் நடக்கக் காரணம், நம் அரசர்களின் கை எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றக் கலைப்புக்கு மறுப்புச் சொல்வது போன்ற சிலவற்றில் மட்டுமே மாமன்னருக்குச் சொந்த முடிவு. மசோதாவை அவர் மேசையில் போட்டு வைத்துக்கொள்ள முடியாது. 30 நாளில் கையெழுத்து வராவிட்டால் தானாகவே சட்டமாகிவிடும். (தமிழ்நாட்டு நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) 1992 இறுதியில் ஜொகூர் அரண்மனையில் ஒரு ஹாக்கிப் பயிற்சியாளர் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, மறு ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆட்சியாளர்களையும் விசாரிக்கத் தனி நீதிமன்றம் வைத்தார்கள். அன்றைய பிரதமர் மகாதீரிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு. இதற்கு மட்டும் ஒரு கும்பிடு.

ஐந்தாண்டுச் சுழற்சிதான் உலகத்தில் வேறெங்கும் இல்லாத நம் சொத்து. ஒன்பது மாநில ஆட்சியாளர்களும் ரகசியமாக வாக்களிக்கிறார்கள். எண் இல்லாத சீட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேனா, எண்ணி முடித்ததும் சீட்டுகளை அழித்துவிடுகிறார்கள். யாரும் ஆயுளுக்கும் உட்கார முடியாது. 2019 ஜனவரி 6இல் கிளந்தான் சுல்தான் ஐந்தாம் முகமது திடீரென்று பதவி விலகினார். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. மாதம் முடிவதற்குள் பகாங் சுல்தான் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்துப் பாருங்கள். 1957இல் முதல் மாமன்னராக வந்த நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் முகம் இன்றும் அதில் இருக்கிறது. எத்தனை பிரதமர்கள் வந்து போனார்கள், ஒருவருடைய படமாவது அதில் ஏறியதா?

“சரி, அவர்கள் மலாய்க்காரர்களின் அரசர்கள், நமக்கென்ன?” இந்தக் கேள்வி நம் ஆட்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. தமிழ்ப்பள்ளியில் வரிசையில் நின்று ‘பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துதல்’ என்று நாமும்தான் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டை ஒப்பித்தோம். அரசியல் சட்டத்தின் 153ஆவது பிரிவில் மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைக் காக்கும் பொறுப்பு மாமன்னருக்கு உண்டு என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதே வாக்கியத்தில் மற்ற இனத்தவரின் நியாயமான நலன்களும் இருக்கின்றன. பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்பவர்களிடம் மீதியை வாசித்துக் காட்டுங்கள்.

அதற்காக அரசர் இருந்தால் சிறுபான்மையினருக்குக் காவல் என்று நான் கதை விட மாட்டேன். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபோது அந்த நாட்டுக்கு அரசர் இருந்தார், லண்டனில். மகுடம் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை.

இனி என் சொந்த வலி. நான் ஈப்போக்காரன். 2009 பிப்ரவரியில் பேராக் சட்டமன்றத்தில் மூவர் அணி மாறினார்கள். மந்திரி பெசார் (மாநில முதல்வர்) நிசார், சட்டமன்றத்தைக் கலைத்து மக்களிடம் போகலாம் என்று கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா மறுத்தார். ஆட்சி தேசிய முன்னணிக்குப் போனது. நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர். சட்டம் அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மறு ஆண்டு கூட்டரசு நீதிமன்றமும் புதிய மந்திரி பெசார் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் மே 7ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமாரைச் சபையிலிருந்து இழுத்துக்கொண்டு போன காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெரும்பான்மையை அரண்மனை வரவேற்பறையில் எண்ணாமல் சபையில் எண்ணியிருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் எண்ணம். 2022இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்போதே இருந்திருந்தால் அந்த நிலைமையே வந்திருக்காது.

மன்னிப்பு அதிகாரமும் நெருடுகிறது. 2018 மே 16இல் அன்வாரைச் சிறைக் காவலிலிருந்து நேராக அரண்மனைக்கு வரவைத்த அதே அதிகாரம்தான், மன்னிப்பு வாரியத்தின் வழியாக, 2024இல் ஊழல் வழக்கில் சிறை சென்ற முன்னாள் பிரதமர் நஜிப்பின் 12 ஆண்டுத் தண்டனையைப் பாதியாக்கியது. அபராதம் 21 கோடி ரிங்கிட்டிலிருந்து 5 கோடியானது. காரணம் என்னவென்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இனம், மதம், ஆட்சியாளர் ஆகிய மூன்றையும் ‘3ஆர்’ என்று ஒரே வேலிக்குள் போட்டு, வாய் திறந்தால் போலீஸ் என்று வைத்திருப்பது அரசர்களுக்கே நல்லதில்லை என்பேன். 1948இல் வெள்ளைக்காரன் போட்ட நிந்தனைச் சட்டத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். இந்தப் பதிவிலேயே இன்னொரு பத்தி இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு எடுத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அரண்மனைச் செலவு என்று பையன் மறுபடி ஆரம்பிப்பான். அதிபர் மாளிகைக்கும் செலவு உண்டு, அதிபர் தேர்தலுக்கு அதைவிட உண்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதைய மாமன்னர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 2024 ஜனவரி 31இல் பொறுப்பேற்றார். வரிசை மாறாவிட்டால் 2029 ஜனவரியில் எங்கள் பேராக்கின் முறை, அஸ்லான் ஷாவின் மகன் சுல்தான் நஸ்ரின். அன்று டிவி முன்னால் உட்காருவேன். பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன், 2009 பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.