ஒரே நாளில் ப்ளொண்ட் ஆக்கித் தருகிறோம் என்று சொல்லாதேங்கோ

ஏற்கெனவே கறுப்புச் சாயம் ஏறின தலைமயிரை, உடையாமல், ஒரே இருப்பில் ப்ளொண்ட், அதாவது பொன்னிறம், ஆக்க ஏலாது. ஏலாது என்றால் ஏலாதுதான். காசு வாங்க முதல் இந்த ஒரு வசனத்தைச் சொல்ல கொழும்புச் சலூன்காரருக்கு ஏன் வாய் வருகுதில்லை?

வெள்ளவத்தையில் காலி வீதி வழியே நடந்து பாருங்கோ. கண்ணாடிக் கதவு முழுக்கப் பொன்னிறக் கூந்தல் படங்கள். உள்ளே போய்க் கேட்டால் "செய்யலாம் மிஸ், பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று உடனே பதில் வரும். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டினம். ரீபொண்டிங் (மருந்து போட்டு மயிரை நேராக்கிறது) செய்தனீங்களா, கடைசியாக எப்போது கலர் பூசினீங்கள், மருதாணி போடுறனீங்களா என்று ஒரு கேள்வி வராது. கேட்க வேண்டியதே அதுதான்! ரீபொண்டிங் மயிரின் உள்ளே இருக்கிற பிணைப்புகளை ஏற்கெனவே உடைத்துத் திரும்பக் கட்டின வேலை. அதற்கு மேல் பிளீச் போட்டால் மயிர் கையோடு வரும். கடையில் விற்கிற சில கறுப்பு மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அதில் பிளீச்சோடு கலக்கிற பெரொக்சைட் பட்டால் சூடேறி மயிரே வெந்து போகும். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன நறுக்கு வெட்டி, பிளீச் தடவிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அரை மணித்தியால வேலை. அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு இடத்துக் கதை இல்லை. "தேன் நிறம் வேணும், வேர் கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும், முகத்தைச் சுற்றி மட்டும் வெளிச்சம் போதும்" என்று படத்தோடு போய்க் காட்டினேன். ரீபொண்டிங் செய்தது, முந்தி கறுப்பு பூசினது எல்லாவற்றையும் நானாகவே சொன்னேன். "பிரச்சினை இல்லை மிஸ்" என்றார்கள். பிளீச் பொடியோடு கலக்கினது 40 வால்யூம் டெவலப்பர். அது 12 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்! 20 வால்யூம் 6 வீதம்தான்; அதை வைத்து ஆறுதலாக ஏற்றினால் மயிர் தாங்கும். அவர்களுக்கு ஆறுதல் இல்லை. அடுத்த ஆள் கதிரைக்குக் காத்துக்கொண்டிருக்கிறா. ஆகவே 40ஐ வேர் வரைக்கும் அப்பி, மேலே ஹீட்டரையும் வைத்தார்கள். "அக்கா, எரியுது" என்றேன். "கொஞ்சம் எரியும், பொறுங்கோ" என்று பதில். பொறுக்கக் கூடாது! மெல்லிய கூச்சம் வரலாம். எரிச்சல் வந்தால் அந்த நிமிடமே கழுவ வேண்டும். தலைத்தோல் புண்ணாகிப் பொருக்கு வெடித்ததுக்கு யார் பொறுப்பு?

கழுவிப் பார்த்தால் வேர்ப்பக்கம் மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், நுனியில் பழைய கறுப்புச் சாயம் அப்படியே. இது நடக்கும் என்று தொழில் தெரிந்த எவருக்கும் முதலே தெரியும். தலைச்சூட்டில் வேரை ஒட்டின பகுதி வேகமாக வெளுக்கும். அதனால் முதலில் ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் போட்டு, வேரைக் கடைசியில் தொட வேண்டும். மயிரின் நிறத்தை 1 (கறுப்பு) முதல் 10 (மிக வெளிர்) வரை லெவல்களாகப் பிரிப்பினம்; எங்கட மயிர் லெவல் 1, 2. ப்ளொண்ட் என்பது 8, 9, 10. இடையில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று எல்லாப் படியையும் தாண்டித்தான் போக வேண்டும். கறுப்பு நிறமி சீக்கிரம் கரைந்துவிடும், செம்மை நிறமி பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் நல்ல கைகாரர் சில வாரம் இடைவெளி விட்டுப் பல இருப்பில் செய்வார்.

நடந்தது என்ன? செம்மஞ்சளுக்கு மேல் ஆஷ் (சாம்பல் சாயல்) டோனர் பூசி, சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு ஊத்தை நிறத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டோனர் மயிரை வெளுக்காது. ஏற்கெனவே வெளுத்திருக்கிறதுக்குச் சாயல் மட்டும்தான் குடுக்கும், அதுவும் நாலு ஆறு கிழமையில் கழுவுப்பட்டுப் போகும். எனக்கு அதற்கும் முதலே போய் செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது. திரும்பிப் போனால் ஊதா ஷம்பூ ஒன்றைக் கையில் தந்து அதற்கும் காசு! ஊதா மஞ்சளைத்தான் வெட்டும். செம்மஞ்சளுக்கு நீலம் வேணும். நிறச் சக்கரம் தெரியாமல் எப்படிச் சாயத் தொழில் நடத்துகிறீர்கள்? சுவரில் சான்றிதழ் தொங்குகிறதே, அதில் படித்தது என்ன?

நனைத்து இழுத்துப் பார்த்தால் என்ர மயிர் சுவிங்கம் மாதிரி நீளுது, திரும்பிச் சுருங்குதில்லை. அது செத்துப்போன மயிர். எந்த எண்ணெயும் ஹெயார் மாஸ்க்கும் அதைத் திரும்ப எழுப்பாது, வெட்டி எறிய வேண்டியதுதான். இடுப்பு வரை இருந்ததைத் தோளோடு வெட்டினேன். அம்மா அழுதா.

பராமரிப்பைப் பற்றியும் யாரும் வாய் திறக்கிறதில்லை. மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். வேர் முழுக்க வெளுத்தவர்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறுப்புக் கோடு தெரியத் தொடங்கும். திரும்பப் போக வேண்டும், திரும்பக் காசு. அப்படிப் போகிற நேரம் புதிதாக வளர்ந்த துண்டுக்கு மட்டும்தான் பிளீச் போட வேண்டும். இங்கே என்ன செய்கிறார்கள்? "எல்லாம் ஒரே மாதிரி வரட்டும்" என்று நுனி வரைக்கும் இழுத்துச் சீவிவிடுகிறார்கள். ஏற்கெனவே வெளுத்த மயிரை ஒவ்வொரு தரமும் திரும்பத் திரும்ப வெளுத்தால் என்ன மிஞ்சும்?

எங்கட தோலுக்கு வடிவாக, இயற்கையாகத் தெரியிறது வேரை இருட்டாக விட்டு, தேன், கரமல் சாயலில் மெல்லிய இழைகளாகக் கையால் தீட்டுகிற பாலயாஷ் வேலைதான். வளர்ந்தாலும் கோடு விழாது, வருசத்தில் சில தரம் போனால் போதும். ஆனால் அதற்குக் கை வேணும், நேரம் வேணும். முழுத்தலைக்கும் அப்பினால் கெதியாக முடியும், காசும் கூட. அதனால்தான் பாலயாஷை யாரும் முன்வைக்கிறதில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி யாராவது கேட்டார்களா? கொழும்புக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. ஊருக்குப் போய் யாழ்ப்பாணத்துக் கிணற்றில் அள்ளி முழுகினால்? அது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். அந்தச் சுண்ணம் வெளுத்த மயிரில் படிந்து மங்கவைக்கும், சொரசொரக்கவைக்கும். அதைக் கழற்றுகிற ஷம்பூ தனியாக இருக்கு. நீச்சல் குளத்துச் செம்பு பட்டால் பச்சை ஏறும். இறங்க முதல் நல்ல தண்ணீரால் நனைத்து, தேங்காயெண்ணெய் பூசிக் கட்டினால் பெருமளவு தப்பலாம். முழுக முதல் தேங்காயெண்ணெய் பூசினால் மயிரின் புரதம் கழுவுப்பட்டுப் போவது குறையும் என்று 2003இல் வந்த ஆய்வே இருக்கு. எங்கட வீட்டுக் குசினியில் இருக்கிற சாமானைச் சொல்லாமல் இறக்குமதிச் சீரம் விற்கிறார்கள்.

விலையோ கேட்கவே வேண்டாம். வாசலில் ஒரு விலை, மயிர் நீளம் என்று அதற்கு மேல் ஒன்று, டோனர் தனி, பிணைப்புக் காக்கிற மருந்து தனி, 18 வீத வற் தனி. மொத்தம் எவ்வளவு என்று முதலே எழுதித் தாங்கோ என்றால் முகம் சுழிக்கிறார்கள். பில் கேட்டு வாங்குங்கோ. தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கோ. நான் அடித்தேன்.

இதற்குள் சொந்தக்காரரின் வாய் வேறு. "வெள்ளைக்காரி ஆகப் போனவ" என்று கலியாண வீட்டில் நின்று கதைக்கினம். என்ர தலை, என்ர விருப்பம். காசு குடுத்து ஒரு வேலையைச் செய்விக்கிறவளுக்கு அந்த வேலையை ஒழுங்காகக் கேட்கிற உரிமை இருக்கு, நிறம் எதுவாக இருந்தாலும்.

இன்னொன்றும் சொல்ல வேணும். எனக்குப் பிளீச் கலக்கினது இருபது வயதுகூட வராத மலையகத்துப் பிள்ளை. கையுறை கிழிசல், முகத்தில் மாஸ்க் இல்லை, பொடியைக் கொட்டுகிற நேரம் இருமிக்கொண்டே நின்றது. அந்தப் பொடியில் இருக்கிற பேர்சல்பேற்று என்ற வெளுக்கவைக்கிற இரசாயனம் சலூனில் வேலை செய்கிற ஆக்களுக்கு ஆஸ்துமா வரவைக்கும். இது மருத்துவ உலகம் எப்போதோ அறிந்த விசயம். 40 வால்யூமை எடு என்று சொன்னது அந்தப் பிள்ளை இல்லை, காசு மேசையில் இருந்தவர். அவரிடம்தான் கேட்கிறேன்: அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பயிற்சி குடுங்கோ, மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் குடுங்கோ, சின்ன நறுக்கில் சோதித்துப் பார்க்க நேரம் விடுங்கோ. ஏலாத தலையைக் கண்டால் ஏலாது என்று சொல்ல விடுங்கோ.