சாவி வேண்டுமென்றால் முதலில் கையெழுத்தாம்!

மேடவாக்கம் பக்கம் புது ஃபிளாட். சாவி வாங்கும் நாள் என்று அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறப்பதற்கு முன்பே சைட் இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார். "வீட்டை முழுமையாகப் பரிசோதித்தேன், குறை எதுவும் இல்லை, முழு திருப்தி." இதில் கையெழுத்து போட்டால்தான் சாவியாம். உள்ளே கால்கூட வைக்கவில்லை, அதற்குள் என்ன திருப்தி?

பார்க்காமல் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று உள்ளே போனேன். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் ஹாலில் மட்டும் பதினோரு டைல்ஸ் அடியில் வெற்றிடம். பாத்ரூமில் ஊற்றிய தண்ணீர், அது வெளியேற வேண்டிய ஜாலியை விட்டுவிட்டு வாசல் பக்கம் வருகிறது. சீலிங்கில் பெரிய மஞ்சள் வட்டம், ஓதம். மேல் வீட்டு பாத்ரூம் தரைக்கு அடியில் குழாய் போகும் பள்ளத்தில் வாட்டர் ப்ரூஃபிங் ஒழுங்காகச் செய்யாமல் செங்கல் துண்டைக் கொட்டி மூடினால் தண்ணீர் வேறு எங்கே போகும்? மேலே டைல்ஸை உடைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். பில்டர் ஆட்களோ, "சீலிங்ல ரெண்டு கோட் புட்டி பூசித் தர்றோம் சார்" என்கிறார்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஊறாதா?

வாங்கும் முன் வில்லங்கச் சான்றிதழ் 30 வருடத்துக்குப் பார்த்தோம். மூலப்பத்திரத்தை வக்கீல் வரிவரியாகப் படித்தார். வங்கி அனுப்பிய ஆள் பத்து நிமிடத்தில் மதிப்பு போட்டுவிட்டுப் போனார். ஒரு குழாயைத் திறந்து பார்க்க மட்டும் யாரும் விடவில்லை, "வேலை நடக்குது, உள்ளே வரக்கூடாது" என்றார்கள். கடைசித் தவணையை மட்டும் சாவிக்கு முன்பே கறந்துவிட்டார்கள். அது கையில் இருந்திருந்தால் இப்படிப் பேசுவார்களா?

"ஒரு வருஷம்தான் வாரன்ட்டி" என்று வேறு சொல்கிறார்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவு என்ன சொல்கிறது? வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவித்தால், 30 நாளில் பைசா வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வீடு விற்பவனுக்கு இது தெரியாதா?

'முழு திருப்தி'யை அடித்துவிட்டு, பதினேழு குறைகளை அதே தாளில் எழுதித்தான் கையெழுத்து போட்டேன். போட்டோக்களோடு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பியாயிற்று. வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது. இன்று 23-வது நாள். மேல் வீட்டுத் தரையில் இன்னும் ஒரு உளிகூடப் படவில்லை.